முட்டைக்குள் ஒரு மறுபிறப்பு
(கடையநல்லூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

சாரல் விழுகிற மாலையில் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு இத்தனை பேர் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். மலையடிவாரத்து ஊர் இது. மழை நமக்குப் புதிதல்ல. மழை வந்தால் தவளை கத்தும். தவளை கத்திய மறுநாள் வயலோரத் தண்ணீரில் முட்டை மிதக்கும். வெந்த ஜவ்வரிசி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடுகை வைத்தது போல இருக்கும். பிள்ளைகள் அதைக் குச்சியால் கிளறிவிட்டுப் போவார்கள். நானும் அந்த வயதில் கிளறியவன்தான். இன்று நான் பேச வந்தது அந்த முட்டையைப் பற்றித்தான். அந்தக் கடுகளவு கருமைக்குள் இருக்கும் குழம்பைப் பற்றித்தான்.

அந்தக் குழம்பை அறிவியல் சைட்டோபிளாசம் என்கிறது. ஒரு கருமுட்டையிலிருந்து அதன் உட்கருவை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில், வளர்ந்த உடலின் ஏதோ ஒரு செல்லின் உட்கருவை வையுங்கள். தோலாக இருந்த உட்கரு, குடலாக இருந்த உட்கரு, மடியாக இருந்த உட்கரு, எதுவானாலும் சரி. அந்தக் குழம்பு அதைப் பிடித்து, உயிரின் முதல் நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துகிறது. எப்படி நிறுத்துகிறது? இதுவே இன்றைய பொருள்.

நீங்களும் நானும் ஒரே ஒரு செல்லாகத் தொடங்கியவர்கள். அது இரண்டானது, நான்கானது, கோடி கோடியானது. கண்ணாயிற்று, ஈரலாயிற்று, தோலாயிற்று. தோல் செல்லிலிருந்து தோல்தான் வருகிறது. ஈரல் செல்லிலிருந்து ஈரல்தான் வருகிறது. ஏன்? தோலாகும்போது கண்ணுக்குரிய மரபணுக்களை அந்தச் செல் தொலைத்துவிட்டதா? அல்லது வைத்துக்கொண்டே பேசாமல் இருக்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வைஸ்மான் என்ற பெரிய அறிஞர், தொலைத்துவிடுகிறது என்ற பக்கம் நின்றார். வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் ஒவ்வொரு செல்லும் எடுத்துக்கொள்கிறது என்றார்.

என் தகப்பனார் தறிக்குழியில் கால் வைத்துப் பிழைத்தவர். இந்த மன்றத்தில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு தலைமுறைக்கு முன் தறிச்சத்தம் கேட்டிருக்கும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் நீட்டிக் கிடக்கும். மிதியை அழுத்தினால் விழுது சில இழைகளைத் தூக்கும், மற்றவை கீழே கிடக்கும். நடுவில் நாடா ஓடும். தூக்கிய இழை துணியின் முகத்தில் தெரியும். தூக்காத இழை மறைந்து நிற்கும். மறைந்த இழையை யாராவது அறுத்தார்களா? இல்லை. அது பாவிலேயே இருக்கிறது. இன்னொரு மிதியை அழுத்தினால் அதுவும் மேலே வரும். நம் செல்லுக்குள் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் பாவாக நீட்டிக் கிடக்கின்றன. தோல் செல்லில் கண்ணுக்குரிய இழை அறுந்துபோனதா, அல்லது தூக்கப்படாமல் கிடக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண உலகம் அறுபது, எழுபது ஆண்டுகள் காத்திருந்தது.

விடையைச் சொன்னது யார்? தவளை சொன்னது.

1952-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் பிரிக்ஸ், தாமஸ் கிங் என்ற இருவர், தவளைக் கருவின் மிக இளம் பருவத்துச் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தார்கள். தலைப்பிரட்டை வந்தது! ஆனால் வயது கூடிய கருவிலிருந்து எடுத்த உட்கருவை வைத்தபோது பெரும்பாலும் வளரவில்லை. அவர்கள் நேர்மையான ஆய்வாளர்கள். கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். வளர வளர உட்கரு எதையோ இழக்கிறது என்று உலகம் முடிவு கட்டியது. வைஸ்மான் சொன்னது சரிதான் என்று பலர் தலையாட்டினார்கள்.

அந்த நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இளைஞர் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பெயர் ஜான் கர்டன். பள்ளியில் உயிரியல் பாடத்தில் வகுப்பின் கடைசி மாணவர். இவன் விஞ்ஞானியாக நினைப்பதே வீண் என்று ஆசிரியர் அறிக்கை எழுதிய பிள்ளை. அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு, பிற்காலத்தில் தன் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். மாணவர்களே, இதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை. பின்வரிசையில் இருக்கும் என் சக ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன்.

கர்டன் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்காவின் நகத்தவளை. ஏன் அதை எடுத்தார்? அக்காலத்தில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று அறிய அவளுடைய சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள். கருவுற்றிருந்தால் தவளை முட்டையிடும். அதனால் பல ஆய்வகங்களில் அந்தத் தவளை இருந்தது. ஹார்மோன் ஊசி போட்டால் எந்த மாதத்திலும் முட்டை கிடைக்கும்; மழைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அவர் மேசைக்கு அருகில் வாருங்கள். முட்டை ஒரு மில்லிமீட்டரை விடச் சற்றுப் பெரிது. அதன் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, முட்டையின் சொந்த உட்கருவை அழிக்கிறார். பிறகு, தானாக இரை தின்னத் தொடங்கிவிட்ட தலைப்பிரட்டையின் குடலைத் திறந்து, உணவை உறிஞ்சும் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார். முடியிழையை விட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியில் ஒரு செல்லை உறிஞ்சுகிறார். செல்லின் சவ்வு கிழிய வேண்டும், உட்கரு கிழியக் கூடாது. குழாயின் வாய் அந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பிறகு முட்டையைக் குத்தி, உட்கருவை உள்ளே விடுகிறார். ஒரு முறையா? 726 முறை! அத்தனையிலும் இரை தின்னும் தலைப்பிரட்டை வரை வந்தவை வெறும் 10. 1962-ல் அதை வெளியிட்டார்.

பத்துதானே என்று கேட்கலாம். ஆனால் கேள்வி எத்தனை என்பதல்ல, முடியுமா முடியாதா என்பது. குடல் செல்லின் உட்கருவிலிருந்து கண் வந்திருக்கிறது, இதயம் வந்திருக்கிறது, வால் வந்திருக்கிறது. அப்படியென்றால் கண்ணுக்குரிய இழை குடல் செல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அறுபடவில்லை!

சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். முட்டையின் சொந்த உட்கரு அழியாமல் தப்பித்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கர்டனிடம் அதற்கு விடை இருந்தது. சாதாரணத் தவளையின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்ற இரண்டு புள்ளிகள் தெரியும். ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள தவளைக் குடும்பம் ஒன்று அவர்கள் ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்திருந்தது. அந்த ஒற்றைப்புள்ளிக் குடும்பத்திலிருந்து உட்கருவை எடுத்தார்; இரட்டைப்புள்ளிக் குடும்பத்தின் முட்டையில் வைத்தார். பிறந்த தலைப்பிரட்டையின் செல்லை எடுத்துப் பார்த்தால் ஒற்றைப்புள்ளி! மாட்டின் மேல் சூடு போட்டது போன்ற அடையாளம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் அறிவுலகம் முழுதாக ஏற்றுக்கொள்ளப் பத்தாண்டுகள் போல ஆயிற்று. நோபல் பரிசு 2012-ல் வந்தது, சரியாக 50 ஆண்டுகள் கழித்து. 2025 அக்டோபர் 7 அன்று, தம் 92-வது வயதில் கர்டன் மறைந்தார். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்துக்கு நடுவே அவரை நினைப்பதை நான் கடமையாகக் கருதுகிறேன்.

சரி, இழை அறுபடவில்லை. ஆனால் அந்த இழையைத் தூக்கிய கால் யாருடையது? மிதியை அழுத்தியவர் யார்? குடல் செல்லில் கிடந்தவரை அந்த உட்கரு தானாகக் கண்ணுக்குரிய இழையைத் தூக்கவில்லையே! முட்டைக்குள் போன பிறகுதானே எழுந்தது?

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. மரபணு, மரபணு என்று நாம் பேசிப் பேசி, மரபணுவே எல்லாம் என்று நம்பிவிட்டோம். மரபணு பாவு. நெய்கிற கால் முட்டையின் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது.

முட்டைக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்தில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் முட்டை இதைத்தான் செய்கிறது. விந்தணு என்பது என்ன? அதுவும் ஒரு வேலைக்கென்றே முதிர்ந்துபோன செல். ஓடுவது அதன் வேலை. அதன் டி.என்.ஏ., புரோட்டமின் என்ற புரதத்தால் கல்லாக இறுகிக் கிடக்கும். ஒரு மரபணுவும் அங்கே பேசாது. முட்டைக்குள் அது நுழைந்ததும், முட்டை அந்தப் புரோட்டமினை உருவி எறிந்துவிட்டுத் தன்னிடமுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் டி.என்.ஏ.யைச் சுற்றிவைக்கிறது. தார்க்குச்சியில் நூலைப் பிரித்து மறுபடி சுற்றுவது போல! தந்தையிடமிருந்து வந்த இறுகிய கட்டைத் தாய் அவிழ்க்கிறாள். குடல் உட்கருவை நீங்கள் உள்ளே வைத்தாலும் முட்டை அதே கையோடு அதே வேலையைத் தொடங்குகிறது.

என்ன செய்கிறது? முதலில் உட்கரு ஊதிப் பெருக்கிறது. பழைய வீட்டின் புரதங்கள் வெளியேறுகின்றன. முட்டையின் புரதங்கள் கூட்டமாக உள்ளே நுழைகின்றன. ஒரு செல்லில் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. அந்தச் சுருளை இறுக்கிப் பூட்டும் ஹிஸ்டோன் ஒன்று உண்டு. அதைக் கழற்றிவிட்டு, இளக்கமாகப் பிடிக்கும் தன் சொந்த வகையை முட்டை மாட்டுகிறது. டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் குறிகளை, அதாவது இந்த மரபணுவைத் திறக்காதே என்று வைத்த அரக்கு முத்திரைகளை, நொதிகள் உடைக்கின்றன. இத்தனையும் நடக்கும்போது அந்த உட்கரு தன் பழைய தொழிலை மறந்து வாய்மூடி இருக்கிறது.

தவளையில் கரு 12 முறை பிளந்து சுமார் 4000 செல்லாகும் வரை, உட்கருவின் சொல் ஏறத்தாழ எதுவும் எழுவதில்லை. அதுவரை நடப்பதெல்லாம் தாய் முட்டைக்குள் முன்கூட்டியே சேர்த்துவைத்த செய்திகளாலும் புரதங்களாலும் நடப்பது. பசுவில் அந்தப் பருவம் 8 செல்லிலிருந்து 16 செல் வரை. வீட்டுக்கு வரப்போகும் பிள்ளைக்கு வேண்டியதைப் பெட்டியில் மடித்து மடித்து வைக்கிறாள் அல்லவா நம் தாய், அதுபோல முட்டை வைத்திருக்கிறது.

இதைவிடத் தெளிவான ஒரு சோதனை 1977-ல் நடந்தது. கர்டனும் டி ராபர்டிஸ் என்ற அவருடைய தோழரும் தவளையின் சிறுநீரகச் செல் உட்கருவை எடுத்து, வேறொரு விலங்கின், நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழியின், வளரும் முட்டைக்குள் வைத்தார்கள். தவளையின் சிறுநீரகத்துக்குரிய மரபணுக்கள் அடங்கின. தவளை முட்டைக்குரிய மரபணுக்கள் எழுந்தன. கவனியுங்கள்! இழை தவளையினுடையது. அழுத்திய கால் நியூட்டினுடையது. எந்த இழை எழ வேண்டும் என்று சொன்னது உட்கருவா, வீடா? வீடு சொன்னது.

அப்படியானால் 726-ல் 10 மட்டும் ஏன்? 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டி, ஆறு வயது ஆட்டின் மடிச்செல்லிலிருந்து வந்தது. அதற்காக இணைக்கப்பட்ட முட்டைகள் 277. பிறந்தது ஒன்று. ஏன்?

நம் ஊரில் முப்பது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்களை உங்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். இரவு ஷிப்ட் பார்த்த உடம்பு இன்னும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். வீடு மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது, பழக்கம் போகவில்லை. உட்கருவுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கர்டன் தம் சகாவோடு 2008-ல் இதைக் காட்டினார். தசை செல்லிலிருந்து வந்த உட்கரு, முட்டைக்குள் புகுந்து 24 முறை பிளந்த பிறகும், தசையாகவே ஆகப்போகாத செல்களில்கூடத் தசையின் மரபணுவைப் பேசிக்கொண்டிருந்தது. எச்3.3 என்ற ஒருவகை ஹிஸ்டோன் அந்த நினைவைச் சுமந்திருந்தது. இன்னொரு பக்கம், மூடிய பூட்டுகள் சில முட்டைக்கும் திறப்பதில்லை. ஹிஸ்டோனில் மூன்று மீத்தைல் சேர்ந்த ஒரு பூட்டுதான் பெரிய தடை என்று 2014-ல் எலி முட்டைகளில் கண்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியை உண்டாக்கும் செய்தியைச் சேர்த்துச் செலுத்தியபோது கருக்கள் கூடுதலாக வளர்ந்தன. முட்டை வல்லமை உள்ளது. ஆனால் சர்வ வல்லமை உள்ளதல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மை சொன்னவன் ஆவேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஹரியானாவில் கர்னால். அங்கே தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம். முர்ரா எருமையின் சீமை அது. நம் பக்கத்தில் சினை ஊசி போடும் வீடுகளில் முர்ரா என்ற பெயரைக் கேட்காதவர் இல்லை.

அந்த ஆய்வகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? இறைச்சிக்கூடத்தில் கழித்துப் போடும் எருமையின் சினைப்பைகளைக் கொண்டுவந்தார்கள். ஊசியால் உறிஞ்சி முட்டைகளை எடுத்து, ஒரு நாள் போலச் சூட்டில் வைத்து முதிர வைத்தார்கள். முட்டை எவ்வளவு பெரிது? ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அதன் மேலுறையை ஒரு நொதி கரைக்கும். உறை போனதும், உட்கரு இருக்கும் பக்கம் ஒரு சிறு மொட்டுப்போலப் புடைத்துக்கொள்ளும். உருப்பெருக்கிக்குக் கீழே, வெறும் கையில் பிடித்த நுண்ணிய பிளேடால், அந்த மொட்டை மட்டும் சீவி எடுப்பார்கள். வெளிநாடுகளில் இதற்கென விலை உயர்ந்த இயந்திரக் கை வைத்திருப்பார்கள். கர்னாலில் மனிதக் கை! அதனால்தான் கையால் செய்யும் குளோனிங் என்று அதற்குப் பெயர்.

சீவும்போது முட்டையின் குழம்பும் கொஞ்சம் போய்விடும். அதற்கென்ன செய்தார்கள்? ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு முட்டைகளின் குழம்பை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரே ஒரு உடல் செல். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மின்துடிப்பு ஒன்று கொடுத்ததும் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரு உட்கருவைத் திருத்தி எடுக்க இரண்டு தாய்களின் குழம்பு! சைட்டோபிளாசத்தின் அருமையை இதைவிட எப்படிச் சொல்ல? பிறகு ஏழெட்டு நாள் வளர்ப்பு, பிறகு வாடகைத் தாயின் கருப்பை.

2009 பிப்ரவரி 6 அன்று ஒரு கன்று பிறந்தது. இம்முறையில் பிறந்த முதல் எருமைக் கன்று. சம்ரூபா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம்கூட நிற்கவில்லை, நிமோனியா கொண்டுபோய்விட்டது. மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், பிறந்த கன்று சாகும் வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர்கள் மறுபடி பிளேடைக் கையில் எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 6 அன்று கரிமா பிறந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். 2010 ஆகஸ்டில் கரிமா-2 பிறந்தாள். அவள் வளர்ந்து, 2013 ஜனவரி 25 அன்று மகிமா என்ற கன்றை ஈன்றாள். முட்டை திருத்தி அனுப்பிய உட்கரு ஒரு முழு மாடாகி, அந்த மாடு தாயாகவும் ஆயிற்று! 2014-ல் ரஜத் என்ற காளைக்கன்று வந்தது. அதன் மூலக் காளை இறந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உறைய வைத்திருந்த விந்துக்குள் ஒட்டிக் கிடந்த உடல் செல் ஒன்றை எடுத்துத்தான் அதைச் செய்தார்கள்.

2023 மார்ச் 16 அன்று அதே கர்னாலில் கங்கா பிறந்தாள். கிர் இனப் பசுங்கன்று, 32 கிலோ. உடல் செல் தந்தது கிர் பசு. முட்டை தந்தது சாஹிவால் பசு. சுமந்து பெற்றது கலப்பினப் பசு. பத்திரிகைகள் கிர் பசுவின் குளோன் என்று எழுதின. தவறில்லை. ஆனால் அந்த சாஹிவால் பசுவை யார் நினைத்தார்கள்? பிறந்த கன்று கிர்ரைப் போலத்தான் இருக்கும், உட்கரு கிர்ரினுடையது என்பதால். ஆனால் அந்த உட்கருவைக் கன்றாக்கிய குழம்பு சாஹிவாலினுடையது. குழம்போடு வந்த மைட்டோகாண்ட்ரியாக்களும் சாஹிவாலினுடையவை. கங்காவின் ஒவ்வொரு செல்லிலும் எரிபொருள் எரிக்கும் அடுப்பு அந்தப் பெயர் சொல்லப்படாத பசு வைத்துக்கொடுத்த அடுப்பு. உண்மையில் கங்கா முழு நகல் அல்ல. மூன்று தாய்களின் பிள்ளை.

ஆனால் முட்டை இல்லாமலும் இதைச் செய்தவர் ஒருவர் உண்டு. கியோட்டோவின் ஷின்யா யமனாகா 2006-ல், முட்டையே இல்லாமல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் செல்லை இளமைக்குத் திருப்பினார். கர்டனோடு நோபலைப் பகிர்ந்தவர் அவர்தான். இனி முட்டை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். யமனாகாவின் முறைக்கு வாரக்கணக்கில் ஆகும். முட்டை மணிக்கணக்கில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அது எப்படி என்று முழுதாகச் சொல்ல இன்று வரை எந்த ஆய்வகத்தாலும் முடியவில்லை. மாணவர்களே, வேலை மீதி இருக்கிறது!

நம் வீட்டுத் தொழுவத்துக்கு இதனால் நாளையே பால் கூடாது. அதை நான் உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். நல்ல காளை, நல்ல தீவனம், நேரத்துக்கு ஊசி, இவைதான் இன்றைக்கு வழி. ஆனால் நீலகிரியின் தோடர் எருமை, ஈரோட்டு மலையின் பர்கூர் மாடு போன்றவற்றின் காதோரத்து ஒரு துணுக்குத் தோலை இன்று குளிரில் உறைய வைத்தால், அந்த உட்கரு காத்திருக்கும். எவ்வளவு காலமானாலும் காத்திருக்கும். அதை எழுப்பத் தெரிந்த முட்டையும், முட்டையைத் தெரிந்த கையும் வேண்டும்.

பிள்ளைகளே, நாளை விடியற்காலை மழை விட்டிருந்தால், கருப்பாநதித் தண்ணீர் பாயும் வயல் ஓரமாகப் போங்கள். குச்சி எடுத்துப் போகாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். அப்போதுதான் இட்ட முட்டையாக நாலைந்தை வயல் தண்ணீரோடு அள்ளி நிழலில் வையுங்கள். மேற்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. கண்ணெடுக்காமல் பாருங்கள். கறுப்பின் உச்சியில் நகக்கீறல் போல ஒரு கோடு விழும். மெல்ல இறங்கி முட்டையை இரண்டாக்கும். அதற்குக் குறுக்கே இன்னொன்று விழும், நான்காகும். பார்த்து முடித்ததும், எடுத்த இடத்திலேயே மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.